சின்ன ஆபீஸ், சின்ன பட்ஜெட், ஒழுங்கான நெட்வொர்க்

வணக்கம் மக்களே. பத்து இருபது பேர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு நெட்வொர்க் போடுவதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. சிங்கப்பூரில் காக்கி புக்கிட், உபி பக்கத்துச் சின்னக் கம்பெனிகளிலும் சிராங்கூன் சாலைக் கடைகளின் மாடி அலுவலகங்களிலும் தனியாக ஐடி ஆள் இருப்பது அபூர்வம். கணக்கு பார்க்கும் அக்காவோ, கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிந்த தம்பியோதான் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்.

"வைஃபை ஸ்லோ லா" என்று முதலாளி சொன்னதும் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சிம் லிம் ஸ்குவேருக்கு ஓடி, ஆறு ஆண்டெனா வைத்த ரூட்டர் வாங்காதீர்கள். கோளாறு பெரும்பாலும் கேபிளில்தான். ஜிகாபிட் வேகத்துக்கு, அதாவது நொடிக்கு 1000 மெகாபிட்டுக்கு, கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தால் பல சமயம் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். எல்லாம் ஓடுவதுபோலவே தெரியும். விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்ஸில் லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்றால் கேபிளின் முனையை மாற்றுங்கள், செலவு சில வெள்ளி (டாலர்). மூலையில் பழைய 100 மெகாபிட் சுவிட்ச் (கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கேட் 5இ என்ற சாதாரண நெட்வொர்க் கேபிளே 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும். சுவரை உடைத்து மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

காசைப் போட வேண்டிய இடம் மேனேஜ்டு சுவிட்ச், அதாவது நாமே செட்டிங்ஸ் மாற்றக்கூடிய சுவிட்ச். ஒரே சுவிட்சுக்குள் ஊழியர்களுக்கு ஒன்று, விருந்தினர் வைஃபைக்கு ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று என மூன்று வீலேன் (தனித்தனி நெட்வொர்க் போல நடக்கும் பிரிவுகள்) பிரிக்கலாம். வீலேன்களுக்கு நடுவே யார் யாரிடம் பேசலாம் என்பதை ரூட்டரில் ஃபயர்வால் விதியாக, அதாவது எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று, எழுத வேண்டும். அந்த வேலையைச் செய்யும் ஓபிஎன்சென்ஸ், ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். பழைய டெஸ்க்டாப்பில் ஓபிஎன்சென்ஸ் ஓடும்தான், ஆனால் இரவும் பகலும் ஓடினால் கரண்ட் பில் யார் கட்டுவது? மின்விசிறி இல்லாத சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி எனக்குப் பிடிக்கும்.

அப்புறம், செய்ததை எழுதி வையுங்கள். எந்த போர்ட் (சுவிட்சில் கேபிள் செருகும் இடம்), எந்த அறை, எந்த வீலேன். அதையே இணையத்திலும் போடுங்கள், இதெல்லாம் தமிழில் குறைவாகத்தான் கிடைக்கிறது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளே அப்படி எழுதிப் பகிர்ந்து வளர்ந்தவைதானே! ஆர்எஃப்சி என்பது அந்த விதிகளைச் சொல்லும் குறிப்பு வரிசை, அதில் முதல் குறிப்பை ஸ்டீவ் க்ராக்கர் எழுதியது 1969 ஏப்ரலில்.

ஆனால் கம்பெனியின் கான்ஃபிக் ஃபைலை (ரூட்டர், சுவிட்ச் செட்டிங்ஸ் இருக்கும் கோப்பு) அப்படியே இணையத்தில் ஒட்டாதீர்கள். கடவுச்சொல்லும், வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வர உதவும் விபிஎன் சாவியும் அதற்குள்ளேயே இருக்கலாம். பொது ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் ஆபீஸை அடையாளம் காட்டும் எண்) மறைக்க வேறு எண்ணாக மாற்றும்போது வாய்க்கு வந்த எண்ணைப் போட்டால், அது யாரோ ஒருவருடைய நிஜ முகவரியாக இருக்கலாம், படிப்பவர் காப்பியடித்தால் டிராஃபிக் அங்கே போய் நிற்கும். எடுத்துக்காட்டுக்கென்றே 192.0.2, 198.51.100, 203.0.113 என்று தொடங்கும் முகவரிகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், 2010-இல் வந்த ஆர்எஃப்சி 5737 அதைத்தான் சொல்கிறது. 192.168 போன்ற உள் முகவரிகள் இருந்தால் பெரிய ஆபத்தில்லை.

ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) வெர்ஷனைக் கட்டாயம் எழுதுங்கள். அது இல்லாத குறிப்பு, மெனு மாறியதும் யாருக்கும் உதவாது. ஸ்கிரீன்ஷாட்டில் மறைக்க வேண்டியதைப் பிக்சலாக்கினால் போதாது, சில சமயம் மீட்டெடுத்துவிடுவார்கள். கருப்புக் கட்டம் போட்டு மூடுங்கள்.

அடுத்த வீடியோவில் விருந்தினர் வீலேனைத் திரையிலேயே போட்டுக் காட்டுகிறேன். சரி, பார்க்கலாம்.