கார் ஷெட்டில் தொங்கும் சிவப்புக் கயிறு

வணக்கம் நண்பர்களே. இன்று சமையலும் இல்லை, ஊர் சுற்றலும் இல்லை. கேமராவைக் கார் ஷெட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறேன். மேலே பாருங்கள். கதவை இழுக்கும் மோட்டாருக்கு முன்னால் ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறது, தெரிகிறதா? இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் இதைத் தினமும் பார்த்தேன். ஒரு நாளும் தொட்டதில்லை. இழுத்துப் பார் என்று சொன்னவர் பக்கத்து வீட்டுப் பாட்டி.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது வடக்குக் கலிஃபோர்னியாவில், பியூட் கவுண்டியில். சிக்கோ நகரிலிருந்து மலையேறும் சாலையில், பைன் மரங்களுக்கு நடுவே வீடு. பாட்டி இதே கவுண்டியில் பாரடைஸ் என்ற ஊரில் இருந்தவர். 2018 நவம்பர் 8 அன்று காட்டுத்தீயில் அவருடைய வீடு எரிந்தது.

அன்று காலை ஆறரை மணி வாக்கில், மலைப் பள்ளத்தாக்கில் புல்கா என்ற இடத்துக்குப் பக்கத்தில் தீ பிடித்தது. மின்கம்பியைத் தாங்கிய இரும்புக் கொக்கி ஒன்று தேய்ந்து அறுந்திருந்தது. ஏறக்குறைய நூறு வருடப் பழைய கோபுரம் அது. அந்தக் கம்பியின் சொந்தக்காரரான பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனம், 2020இல் 84 பேருடைய சாவுக்கு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மழை வந்திருக்க வேண்டிய நவம்பரில் மழை வரவில்லை. காடு காய்ந்து கிடந்தது. காற்றோ வடகிழக்கிலிருந்து சீறியது. எட்டு மணிக்கெல்லாம் தீ பாரடைஸில் இருந்தது. 85 பேர் இறந்தார்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன.

பாட்டி சொன்னது என் கண்ணிலேயே நிற்கிறது. காலை எட்டரைக்கு வானம் நள்ளிரவு மாதிரிக் கறுத்துவிட்டதாம். பையை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் ஓடி, கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்துகிறார். கரண்ட் இல்லை, கதவு அசையவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார். வெளியே புகை, உள்ளே இருட்டு, ஓடத் தயாராகக் கார். தெருவில் போன ஒரு இளைஞர் இவர் கூச்சலைக் கேட்டு உள்ளே வந்து, இந்த மாதிரிக் கயிற்றைத்தான் இழுத்திருக்கிறார்.

இப்போது நான் செய்து காட்டுகிறேன். கதவு முழுவதும் மூடியிருக்கும்போதுதான் இழுக்க வேண்டும். பாதி திறந்திருக்கும்போது இழுத்தால் கதவு மேலே விழுந்துவிடலாம். நேராகக் கீழே ஒரு இழு. 'டக்' என்று சத்தம் வந்ததா? மோட்டாரிலிருந்து கதவு கழன்றுவிட்டது. இனி இரண்டு கையாலும் தூக்க வேண்டியதுதான். பாருங்கள், எனக்கே மூச்சு வாங்குகிறது. 2019 ஜூலை முதல் இந்த மாநிலத்தில் விற்கும் புது மோட்டார்களில் பேட்டரி இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. பாரடைஸுக்கு முந்தைய வருடம், 2017இல் வந்த காட்டுத்தீயில் கதவைத் திறக்க முடியாமல் முதியவர்கள் இறந்ததால் வந்த சட்டம். ஆனால் உங்கள் வீட்டு மோட்டார் எந்த வருடத்தது? இன்றைக்கே பாருங்கள்.

பாரடைஸ் ஒன்றும் திட்டமில்லாத ஊர் அல்ல. 2008இல் வந்த தீயின்போது சாலைகள் அடைத்துக்கொண்டதால், ஊரை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றாக வெளியேற்றத் திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். ஊரிலிருந்து மலையிறங்கும் முக்கியச் சாலையான ஸ்கைவேயின் இரு பக்கத்தையும் கீழ்நோக்கியே விடுவது வரை அதில் இருந்தது. ஆனால் தீ மண்டலம் மண்டலமாக வரவில்லை. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் விழுந்தது. எச்சரிக்கை அழைப்போ, முன்கூட்டிப் பதிவு செய்தவர்களுக்குத்தான் போகும். பதிவு செய்யாதவர்கள் ஏராளம். செல்பேசிக் கோபுரங்களும் எரிந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், பலர் தங்கள் வீட்டிலேயே இறந்தவர்கள்.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: யாராவது போன் செய்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். பதிவு செய்யுங்கள், உங்கள் மண்டலத்தின் எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். ஆனால் மூக்குக்குப் புகை வந்துவிட்டால் அழைப்புக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம். 'எச்சரிக்கை' என்றால் தயாராக இரு. 'உத்தரவு' என்றால் உடனே போ. வீட்டில் முதியவரோ குழந்தையோ ஆடு மாடோ இருந்தால் எச்சரிக்கையிலேயே கிளம்புங்கள். போலீஸ் வண்டி வழக்கமான ஊளை இல்லாமல் உயர்ந்தும் தாழ்ந்தும் இரட்டைக் குரலில் ஒலித்தால், அதற்கு ஒரே அர்த்தம்: வெளியேறு.

இதை நான் கற்றதும் பட்டுத்தான். 2024 ஜூலை 24 அன்று சிக்கோவின் பிட்வெல் பூங்காவில் 'பார்க் ஃபயர்' என்ற காட்டுத்தீ தொடங்கியது. நான்கு லட்சம் ஏக்கரைத் தாண்டி எரிந்த தீ. எங்களுக்கு அன்று எச்சரிக்கை வந்தபோது, பாஸ்போர்ட்டைத் தேடி நாற்பது நிமிடம் அலமாரி அலமாரியாகக் குடைந்தேன். மகள் வாசலில் காலணியோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். இப்போது பாஸ்போர்ட், மாத்திரை, அம்மாவின் கண்ணாடி, ஒரு காகித வரைபடம், என்95 முகமூடி, பருத்தித் துணி எல்லாம் இந்த நீலப் பையில் இருக்கின்றன. பை வாசலை விட்டு நகராது. நைலான் துணி வேண்டாம், சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

வாருங்கள், வெளியே போவோம். தீ என்றால் நெருப்புச் சுவர் நடந்து வருவதுதான் நமக்குத் தோன்றும். பெரும்பாலான வீடுகளைக் கொளுத்துவது கங்கு. காற்றில் மைல் கணக்கில் பறந்து வரும் சின்னக் கங்கு. ஏணியில் ஏறுகிறேன், கூரையோரம் மழைநீர் வடியும் இந்த வாய்க்காலுக்குள் கையை விடுகிறேன். பார்த்தீர்களா, ஒரு பிடி பைன் சருகு. போன வாரம்தான் அள்ளினேன். இதில் ஒரு கங்கு விழுந்தால் போதும். பரணுக்குக் காற்றுப் போகும் துளைகளிலும் பழைய வலையைக் கழற்றிவிட்டு, எட்டில் ஒரு அங்குலக் கண் உள்ள உலோக வலை அடித்திருக்கிறோம். சட்டப்படி நூறு அடி வரை புதரைக் குறைக்க வேண்டும். ஆனால் நேரமும் கையும் குறைவாக இருந்தால், சுவரை ஒட்டிய முதல் ஐந்து அடியில் தொடங்குங்கள். விறகு, தேங்காய் நார்க் கால்மிதி, உலர்ந்த செடி எதுவும் அங்கே இருக்கக் கூடாது. எங்கள் மல்லிகைப் பந்தலைச் சுவரிலிருந்து பிரித்துத் தள்ளி நட்டபோது மனசு வலித்தது. வலித்தாலும் நட்டேன்.

இன்று மாலை முதல் பலத்த வடக்குக் காற்று வீசும் என்று ரெட் ஃபிளாக் எச்சரிக்கை, அதாவது தீ எளிதில் பரவும் வானிலை என்ற எச்சரிக்கை, கொடுத்திருக்கிறார்கள். பெட்ரோல் டேங்க் பாதிக்கு மேல் இருக்கிறது. எங்கள் காரின் முகம் சாலையைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்திவிட்டேன். பாட்டியால் இந்த மாதிரிக் கதவைத் தனியாகத் தூக்க முடியாது. அதனால் கேமராவை அணைத்துவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போகிறேன். கரண்ட் இருக்கும்போதே அவருடைய காரை வெளியே எடுத்து நிறுத்தி, கங்கு உள்ளே போகாதபடி ஷெட்டை மூடிவிட்டு, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வருகிறேன்.