பாலம் வருவதற்கு முன்

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தோழர்களே, எதிரணிச் சகோதரர்களே, கடற்காற்றை வாங்கியபடி பாய் விரித்து அமர்ந்திருக்கும் திருகோணமலை மக்களே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். வாழ்த்திலேயே நேரத்தைத் தின்றால் நடுவர் மணியால் பழி தீர்ப்பார் என்பதைப் போன வருடமே கற்றுக்கொண்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

"பட்டப்பின் படிப்புக்கு வாசலைத் திறப்பது பெறுபேறா, முயற்சியா?" இதுதான் தலைப்பு. முயற்சி என்று பேச வந்திருக்கிறேன். கொள்கைக்காக அல்ல, சீட்டுக் குலுக்கியபோது இந்தப் பக்கம் விழுந்தது. ஆனால் சீட்டைப் பிரித்தபோது என் சாதகமே அதில் எழுதியிருப்பதுபோல இருந்தது.

எனக்கு முன் பேசிய மட்டக்களப்புச் சகோதரர் என்ன சொன்னார்? "குறைந்த பெறுபேறோடு பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பிப்பது, பாலமில்லாத கரையில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டுவது போன்றது." சொன்னதும் நீங்கள் கைதட்டினீர்கள். முன்வரிசையில் என் சொந்த மாமியும் தட்டினார். அதை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

சகோதரரே, உங்களுக்குக் கல்லடிப் பாலம் இருந்தது. பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். அதனால்தான் மீனைப் போலவே பேசுகிறீர்கள்: இனிமையாக இருக்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் கிண்ணியாக்காரி. எங்களுக்குப் பாலம் வந்தது 2009இல். 396 மீற்றர் நீளம், திறந்தபோது இலங்கையிலேயே மிக நீளமான பாலம் அதுதான். அதற்கு முன் நாங்கள் எல்லாரும் கரையில் நின்று கை காட்டிக்கொண்டா இருந்தோம்? நெல் வந்தது, மீன் போனது, மாப்பிள்ளை வந்தார், ஆசிரியர்கள் வந்தார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எதில்? வாகனத்தையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றிக் கடக்கும் அந்த மிதவைக்கு எங்களூரில் என்ன பெயர்? சொல்லுங்கள், பின்வரிசையில் கிண்ணியாக்காரர் இருக்கிறீர்கள். பாதை! பாலம் இல்லாத இடத்தில் பாதை இருந்தது, நடுவர் அவர்களே. அதற்குக் கைதட்டுங்கள், மாமி.

இனிப் புள்ளிக் கணக்கு. தரப்புள்ளிச் சராசரி நாலுக்கு 3.70 என்றால் முதலாம் வகுப்பு. 3.30 என்றால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. 3.00 என்றால் கீழ்ப்பிரிவு. அதற்கும் கீழே இருப்பவர்களுக்கு வகுப்பே இல்லை, சாதாரண சித்தி. என் விஞ்ஞானப் பட்டத்தின் சராசரி 2.68. யுத்தம் காரணம் என்று சொன்னால் நீங்கள் உருகுவீர்கள். உண்மை என்னவென்றால், முதலாம் வருடம் விடுதியில் நன்றாக உறங்கினேன். இரண்டாம் வருடம் பௌதிக இரசாயனம் என்னை உறங்கவிடவில்லை. விழித்தபோது மூன்றாம் வருடம்.

பிறகு ஆசிரியை ஆனேன். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்தேன். தெரிவுப் பரீட்சை வைத்தார்கள், வகுப்புக் கேட்கவில்லை. அதில் நல்ல புள்ளி கிடைத்ததும் ஆசை முற்றியது. கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானக் கல்வி முதுமாணிக்கு விண்ணப்பம் எழுதினேன். "ஏன் படிக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார்கள். மூன்று பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, அச்செடுக்க நகரத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடைக்குப் போனேன்.

கடைக்கார நானா அச்செடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிட்டார். எனக்குப் பின்னால் அடையாள அட்டைப் பிரதிக்கு ஐந்து பேர். அவர் முதல் பக்கத்தை வாசித்தார், இரண்டாம் பக்கத்தை வாசித்தார், பிறகு நிமிர்ந்து கேட்டார்: "தங்கச்சி, இது விண்ணப்பமா, மன்னிப்புக் கடிதமா?"

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், மறுபடி சொல்கிறேன். "தங்கச்சி, இது விண்ணப்பமா, மன்னிப்புக் கடிதமா?" வரிசையில் நின்ற ஐந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள். நானா அத்தோடு விட்டாரா? "அன்ஃபோர்ச்சுனேட்லி" என்ற சொல்லைக் கணினியில் தேடினார். திரை மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. 14 இடம்! துரதிர்ஷ்டவசமாக இரசாயனம், துரதிர்ஷ்டவசமாகக் காய்ச்சல், துரதிர்ஷ்டவசமாக விரிவுரை மண்டபத்தின் மின்விசிறி. "ஒரு பக்கத்துக்குப் பத்து ரூபாய், அழுகைக்குத் தனிக் கட்டணம்" என்றார். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் என் தலையில் கை வைத்து, "அல்லாஹ் இருக்கிறான் மகள்" என்றார். எனக்கு என்ன வியாதி என்று அவர் நினைத்தாரோ, இன்றுவரை தெரியாது.

பிறகு நானா கேட்ட கேள்விதான் கேள்வி. "பட்டம் எடுத்த பிறகு நீங்கள் ஒன்றுமே செய்யவில்லையா?"

செய்திருந்தேன், நடுவர் அவர்களே. ஆனால் அதை எழுதத் தோன்றவில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் ஒரே சூடு அல்ல என்பது அங்கே குளித்த எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு வித்தியாசம்? மாரியில் மாறுமா? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு மாதத்துக்கு ஒரு முறை, ஒரு வருடம் போய் அளந்தேன். வெப்பமானியை நூலில் கட்டி ஒருத்தி இறக்குவாள், இன்னொருத்தி கொப்பியில் எழுதுவாள். வாளியோடு நின்ற ஓர் அம்மா, "தண்ணீருக்குக் காய்ச்சலா பிள்ளை?" என்று கேட்டார். அந்தக் கொப்பி என் அலுமாரியில் கிடந்தது. நானோ மின்விசிறியைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தேன்.

அன்றே கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். புள்ளியைப் பற்றி இரண்டு வரி, டிப்ளோமாவைப் பற்றி மூன்று வரி, மீதி முழுவதும் கன்னியா. எனக்குக் கற்பித்த இரண்டு பேரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டேன். பெரிய பதவியில் இருந்த ஒருவரிடம் கேட்கவில்லை. அவருக்கு என் முகமே தெரியாது.

எதிரணி குறித்துக்கொள்ளட்டும். அமெரிக்காவில் பல இடங்களில் 3.0 கேட்பார்கள் என்று சகோதரர் சொன்னது சரி. நிபந்தனையோடு அதற்குக் கீழேயும் சேர்க்கும் துறைகள் இருக்கின்றன என்பதையும், பட்டப்பின் அனுமதிக்கான ஜி.ஆர்.ஈ. பரீட்சையே வேண்டாம் என்று பல துறைகள் விட்டுவிட்டன என்பதையும் அவர் விழுங்கிவிட்டார். பாடும் மீன் வேறு என்ன செய்யும்?

இராமானுஜனைச் சொல்லாமல் இறங்கினால் பட்டிமன்றமே தீட்டாகிவிடும். பட்டப்படிப்புக்கு முந்திய எஃப்.ஏ. பரீட்சையில் தவறியவர். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர். துறைமுகம் என்றால் ஏறக்குறைய நம் ஊர்க்காரர்தான். 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். பல்கலைக்கழகக் கல்வி எனக்கு இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தேற்றங்களை அடுக்கினார். 14 அன்ஃபோர்ச்சுனேட்லி எழுதவில்லை. 1914இல் கேம்பிரிட்ஜில் இருந்தார். "நீ என்ன இராமானுஜனா?" என்று எதிரணி கேட்கும். இல்லை. எனக்குக் கொமியூனிகேஷன் நானாதான் வாய்த்தார்.

முதல் மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு நிமிடம், நடுவர் அவர்களே.

என் வாப்பா அந்தப் பாதையில் வேலை செய்தவர். காலையில் வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் கரையில் நிற்பார்கள். பலகைக்கும் கரைக்கும் இடையில் தண்ணீர் ஆடும். வாப்பா ஒரு காலைப் பலகையில் ஊன்றி, கையை நீட்டி, ஒவ்வொருவராகப் பிடித்து ஏற்றுவார். முதலாம் பிள்ளையா, கடைசிப் பிள்ளையா என்று அவர் கேட்டதை நான் பார்த்ததில்லை. பிந்தி ஓடிவருகிற பிள்ளைக்காக நிறுத்தி வைத்து ஏச்சும் வாங்கியிருக்கிறார். பாலம் வந்ததும் அந்த வேலை போனது. திறந்த மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். பாதை நின்ற இடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அனுமதிக் கடிதம் வந்தபோது அவருக்குக் கண் மங்கியிருந்தது. ஆங்கிலமும் தெரியாது. தாளை வாங்கி, மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். "உன்னுடைய புள்ளி இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

"அது இதில் இல்லை வாப்பா" என்றேன்.

தாளை மடியில் வைத்துக்கொண்டு கையை நீட்டினார். கண்ணாடியைக் கேட்கிறார் என்று நினைத்து எடுத்துக் கொடுக்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார், கரையில் நிற்கிற பிள்ளையைப் பிடிப்பதுபோல.

இரண்டாவது மணி. இறங்குகிறேன், நடுவர் அவர்களே.