மருத்துவ நூலகர் என்னும் பணி

நேயர்களுக்கு வணக்கம். நான் மருத்துவக் கல்லூரி ஒன்றின் நூலகர். பட்டம் முடித்து வேலை தேடும் இளைஞர்களுக்கு இப்பணியை அறிமுகப்படுத்துமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள்.

1860இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற மருத்துவ மாணவர், வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சை குறித்து ஆய்வேடு எழுத முற்பட்டு, தேவையான தகவல்கள் எந்த ஒரு நூலகத்திலும் முழுமையாகக் கிடைக்காமல் அலைந்தார். பின்னாளில் ராணுவ மருத்துவராகி, 1865 முதல் வாஷிங்டனில் ராணுவ மருத்துவத் துறையின் சிறு நூலகத்தைப் பொறுப்பேற்ற அவர், உலகெங்கும் வெளிவரும் மருத்துவக் கட்டுரைகளைப் பொருள்வாரியாகத் தொகுத்து, 1879இல் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் மாத அட்டவணையைத் தொடங்கினார். அந்த வழியில் வந்ததுதான் இன்று மருத்துவர்கள் நாள்தோறும் புரட்டும் பப்மெட் என்னும் இணையத் தேடுதளம்.

பப்மெட் 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். பிறகு நூலகர் எதற்கு? 2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா ஆய்வொன்றுக்காக ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சுவழி ஏற்ற, நல்ல உடல்நலத்துடன் இருந்த 24 வயதுத் தன்னார்வலர் ஒருவர் நுரையீரல் பழுதடைந்து இறந்தார். ஆய்வாளர் பப்மெட்டில் தேடாமல் இல்லை. ஆனால் அன்றைய பப்மெட் 1966க்கு முந்தைய கட்டுரைகளைக் காட்டவில்லை. அம்மருந்து நுரையீரலைக் கெடுக்கக்கூடும் என்ற எச்சரிக்கையோ 1950களின் இதழ்களில் கிடந்தது. ஒரு தேடுதளம் எதைக் காட்டும் என்பதோடு எதைக் காட்டாது என்பதையும் அறிந்திருப்பவரே மருத்துவ நூலகர்.

எங்கள் மேசைக்கு வரும் முதுநிலை மாணவர், "சர்க்கரை நோய் பற்றிக் கட்டுரைகள் வேண்டும்" என்பார். அப்படியே தேடினால் லட்சக்கணக்கில் வந்து குவியும். எந்த வயதினர், எந்த மருந்து, எதனோடு ஒப்பிடுகிறீர்கள், எந்த விளைவை அளக்கப்போகிறீர்கள் என்று நான்கைந்து கேள்விகள் கேட்பதற்குள், தம் ஆய்வு எதைப் பற்றியது என்பது அவருக்கே தெளிவாகிவிடும். (பேராசிரியர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்கிறோம்; சற்றுப் பணிவாக.)

இதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. நூலக அறிவியலில் முதுநிலைப் பட்டமே வழக்கமான தகுதி. உடற்கூறு, மருந்தியல் கலைச்சொற்கள் வேலையில் சேர்ந்த பிறகு பழகிவிடும். தேடலை வேலையில் சேருவதற்கு முன்பே பழகிக்கொள்ளலாம்: பப்மெட்டில் நாளுக்கொரு கேள்வியை எடுத்து, பயன்படுத்திய சொற்களையும் கிடைத்த கட்டுரைகளின் எண்ணிக்கையையும் குறித்து வாருங்கள். ஒரு கேள்வி குறித்து வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி மதிப்பிடும் முறைசார் மீளாய்வுக் கட்டுரைகளில் தேடலை இப்படித்தான் வரிவரியாகப் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அத்தகைய கட்டுரைகளில் நூலகரின் பெயரும் ஆசிரியர் வரிசையில் இடம்பெறுவதுண்டு.