மான்செஸ்டர் வீட்டில் ஓர் அமெரிக்கர்

வணக்கம் நேயர்களே.

சிகாகோவிலிருந்து வேலை மாற்றலாகி மான்செஸ்டருக்கு வரும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். "ஆங்கிலம்தானே, புதிதாகக் கற்க என்ன இருக்கிறது" என்ற தெம்போடு வந்து இறங்குவார்கள். முதல் வாரத்தில் அவர்களைத் தடுக்கிவிடுவது மொழி அல்ல, சுவரில் இருக்கும் சுவிட்ச். அமெரிக்காவில் சுவிட்சை மேலே தள்ளினால் விளக்கு எரியும். இங்கே கீழே அழுத்த வேண்டும், நம் ஊரைப் போலவே.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சென்னையிலிருந்து நேராக வருகிறவருக்கு மான்செஸ்டர் வீடு பாதி பழகிய வீடு. 230 வோல்ட், சுவிட்ச் வைத்த பிளக் பாயின்ட், திருகாமல் அழுத்தித் திருப்பிப் போடும் பல்பு, இடது பக்கச் சாலை, செல்சியஸ், தரைத்தளத்துக்கு மேலே முதல் மாடி என்று எண்ணும் கணக்கு எல்லாம் அவருக்குத் தெரிந்தவை. நம் மூன்று உருண்டை முனை பிளக்கே அவர்களுடைய பழைய பிளக்தான். 1947-இல் அவர்கள் சதுர முனைக்கு மாறினார்கள், நாம் மாறவில்லை. ஆகவே இன்று நான் சொல்லப்போவதில் சிலவற்றைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். அமெரிக்கருக்கு அவை சிரிக்கிற விஷயமல்ல.

மின்சாரத்திலிருந்து தொடங்குவோம். அமெரிக்க வீட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கப்பலில் சாமான் ஏற்றுமுன் ஒவ்வொரு கருவியின் அடியிலும் பொடி எழுத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படிக்க வேண்டும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால் பிளக் முனையை மட்டும் மாற்றினால் போதும். லேப்டாப், போன் சார்ஜர் பெரும்பாலும் இந்த வகைதான். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அங்கேயே விற்றுவிட்டு வருவது நல்லது. கடையில் கிடைக்கும் பயண அடாப்டர் முனையைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. இது தெரியாமல் அமெரிக்க ஹேர் டிரையரைச் செருகினால், அதன் சூடாகும் கம்பி மூன்றரை மடங்குக்கும் மேல் சக்தியை இழுக்கும். சில நொடிகளில் கருகல் வாடை வரும்.

ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ஓட்டலாமே என்று கேட்பார்கள். ஹேர் டிரையருக்கு ஈடுகொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தூக்க முடியாத கனம், விலையும் அதிகம். புது ஹேர் டிரையரே அதைவிட மலிவு. தவிர, டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்குமே தவிர 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. மின்சாரத்தின் அலைவை எண்ணி ஓடும் பழைய மேசைக் கடிகாரத்தை அதில் மாட்டினால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.

மகிழ்ச்சி தருவது கெட்டில். அமெரிக்கப் பிளக் பாயின்டில் 1,500 வாட் கெட்டில்தான் வழக்கம். இங்கே 13 ஆம்பியரில் 3,000 வாட் ஓடும். ஒரு லிட்டர் குளிர்ந்த நீர் அங்கே கொதிக்க நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும், இங்கே இரண்டு நிமிடத்தில் கொதித்துவிடும். மான்செஸ்டருக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1894 முதல் இந்நகருக்கு ஏரி மாவட்டத்துத் தேர்ல்மியர் நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வருகிறது. உப்பு குறைந்த மென்னீர் என்பதால் கெட்டிலில் வெள்ளைப் பொருக்கு கட்டாது. லண்டனில் வீடு எடுப்பவர்கள் வினிகர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

பிளக்குக்குள்ளே பியூஸ் இருப்பது அமெரிக்கர் கண்டிராதது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய செம்புத் தட்டுப்பாட்டில், ஒரே ஒயர் வீட்டைச் சுற்றி வளையமாக ஓடும் முறை இங்கே வந்தது. இன்று அந்த வளையத்துக்கு 32 ஆம்பியர் பிரேக்கர் வைக்கிறார்கள். மேசை விளக்கின் மெல்லிய ஒயர் சூடேறி உருகினாலும் அந்த பிரேக்கர் அசையாமல் இருக்கலாம். ஒயரைக் காப்பது பிளக்கில் இருக்கும் பியூஸ்தான். 700 வாட் வரை 3 ஆம்பியர், நிறம் சிவப்பு. அதற்கு மேல் 13 ஆம்பியர், நிறம் பழுப்பு. விளக்கு எரியவில்லை என்றால் பல்பை மாற்றிப் பாருங்கள், அப்படியும் எரியாவிட்டால் பிளக்கைத் திறந்து பியூஸைப் பாருங்கள். 3 எரிந்துபோன இடத்தில் கைக்குக் கிடைத்த 13-ஐப் போடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

குளியலறையில் சாதாரண பிளக் பாயின்ட் இருக்காது. கண்ணாடிக்குப் பக்கத்தில் சிறிதாக ஒன்று இருக்கும், அதில் 115 என்று எழுதியிருக்கும். தன் ஊர் மின்சாரம் கிடைத்துவிட்டது என்று அமெரிக்கர் அதில் ஹேர் டிரையரைச் செருகப் பார்ப்பார். அது ஷேவருக்கும் மின் பல்துலக்கிக்கும் மட்டும். உள்ளே இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் 20 வாட் அளவுக்குத்தான் தாங்கும். விளக்கு சுவிட்ச் எங்கே என்று சுவரைத் தடவ வேண்டாம், கதவுக்கு வெளியே இருக்கும், இல்லாவிட்டால் கூரையிலிருந்து கயிறாகத் தொங்கும். இரண்டு கயிறு தொங்கினால் ஒன்று ஷவருக்கு. மின் ஷவர் 8.5 முதல் 10.5 கிலோவாட் வரை இழுக்கும், ஓடுகிற தண்ணீரை அந்தக் கணத்தில் சூடாக்கித் தரும். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் இன்னும் சில்லென்று வருவதால் அதே சூடு வேண்டுமானால் ஓட்டத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். ஷவர் கெட்டுப்போய்விட்டது என்று ஜனவரியில் புகார் செய்பவர்கள் பலர், ஆனால் கெட்டது ஒன்றுமில்லை.

அடுத்தது சூடு. அமெரிக்க வீடுகள் பலவற்றில் தரை அல்லது கூரைத் துளை வழியே வெங்காற்று வரும், குளிர்காற்றும் அதே வழி. இங்கே சுவரோரம் ரேடியேட்டர், அதற்குள் சுடுநீர். அதைச் சூடாக்குவது சமையலறை அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் காம்பி பாய்லர், ரேடியேட்டருக்கும் குழாய்க்கும் ஒன்றாகவே நீரைச் சூடாக்கும் எந்திரம். அதன் முகத்தில் நீரழுத்தத்தை 'பார்' என்ற அளவில் காட்டும் சின்ன முள் ஒன்று உண்டு. பாய்லர் ஆறியிருக்கும்போது அது 1-க்கும் 1.5 பாருக்கும் நடுவே நிற்க வேண்டும். மிகவும் இறங்கினால் பாய்லர் தானே நின்றுவிடும். ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. பாய்லருக்குக் கீழே பின்னல் குழாய் ஒன்று இருக்கும், இரு முனையிலும் வால்வு. இரண்டையும் மெல்லத் திறந்து, முள் 1.3 அளவுக்கு வந்ததும் இரண்டையும் இறுக மூடிவிடுங்கள். மூட மறந்தால் அழுத்தம் 3 பாரைத் தாண்டும், பாதுகாப்பு வால்வு வெளிச்சுவர்க் குழாய் வழியே தண்ணீரைக் கொட்டும். வாரத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது சூடேறி விரியும் நீருக்கு இடம் தரும் விரிவுக் கலம் காற்றிழந்துவிட்டது. அப்போது வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியதுதான். எரிவாயு உள்ள மூடியை, கேஸ் சேஃப் என்னும் எரிவாயுப் பணியாளர் பதிவேட்டில் உள்ள தொழிலாளி தவிர யாரும் திறக்கக் கூடாது.

ரேடியேட்டர் மேலே சில்லென்றும் கீழே சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. பாய்லரை அணைத்து ஆறவிட்டு, மேல் ஓரத்துத் திருகைச் சின்னச் சாவியால் அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். 'உஸ்' சத்தம் நின்று தண்ணீர் எட்டிப் பார்த்ததும் இறுக்கிவிடுங்கள். பிறகு முள்ளை மறுபடி பாருங்கள், இறங்கியிருக்கும். கடுங்குளிர் இரவில் பாய்லர் நின்று குபுகுபு சத்தம் வந்தால், வெளியே போகும் வெள்ளைப் பிளாஸ்டிக் கழிவுக்குழாயில் பனி அடைத்திருக்கும். அதன்மேல் வெதுவெதுப்பான நீர் ஊற்றினால் போதும், கொதிநீர் ஊற்றினால் குழாய் விரிசல் விடும்.

துணி துவைக்கும் எந்திரம் சமையலறையில் இருப்பதைக் கண்டு முகம் சுளிப்பார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது, பல வீடுகளில் உலர்த்தும் எந்திரம் இல்லை என்பது. ஒரு முறை துவைத்த துணியிலிருந்து 2 லிட்டருக்குக் குறையாத ஈரம் அறைக் காற்றில் ஏறும். ஜன்னலைச் சாத்தி, ரேடியேட்டர் மேல் துணியை விரித்தால் அந்த ஈரம் குளிர்ந்த வெளிச்சுவரில் போய் உட்காரும். நவம்பரில் அலமாரிக்குப் பின்னால் கரும்பூசணம். ஒரே அறையில் கொடிச்சட்டத்தை விரித்து, அறைக்கதவைச் சாத்தி, ஜன்னலை விரற்கடை திறந்து வைப்பதே வழி. அலமாரியையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

இனி காகிதங்கள். இங்கிலாந்தில் வாடகைக்கு எடுக்கத் தங்கும் உரிமையைக் காட்ட வேண்டும். பாஸ்போர்ட்டில் முத்திரை தேட வேண்டாம், இப்போது ஈவிசா என்னும் மின்னணு விசா. அரசுத் தளத்தில் ஒன்பது எழுத்தெண் கொண்ட பகிர்வுக் குறியீடு எடுத்துத் தர வேண்டும், அது 90 நாள் செல்லும். முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டோ அதற்கு மேலோ போனால் ஆறு வாரம். அந்தப் பணத்தை 30 நாளுக்குள் அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்து விவரம் தர வேண்டியது வீட்டுக்காரர் கடமை. அமெரிக்கக் கடன் மதிப்பெண் 800 என்று காட்டினாலும் இங்கே அதற்கு மதிப்பில்லை, புதிதாகப் பிறந்தவர் கணக்குத்தான். முன்பெல்லாம் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொட்டி அதைச் சமாளித்தார்கள். 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டி வாடகை கேட்பதைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே வேலை ஒப்பந்தம், சம்பளக் கடிதம், இந்நாட்டில் இருக்கும் ஜாமீன்தாரர் ஆகியவற்றைத் தயார் செய்துகொண்டு வர வேண்டும்.

வீட்டு வரி என்றால் வீட்டுக்காரர் கட்டுவது என்பது அமெரிக்கப் பழக்கம். இங்கே கவுன்சில் வரி குடியிருப்பவர் தலையில். 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற மதிப்பை வைத்து எட்டுப் படி போட்டிருக்கிறார்கள். முப்பதாண்டுக்கு மேலாகியும் இங்கிலாந்தில் அதைத் திருத்தத் துணியவில்லை, அது அரசியல். வழக்கமாக ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணை. பெரியவர் ஒருவர் மட்டும் இருந்தால் 25 சதவீதம் தள்ளுபடி, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். முதல் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், முகவரிச் சான்று கேட்கும் இடத்திலெல்லாம் அதுதான் செல்லும்.

மருத்துவத்துக்கு விசாவோடு பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட் கட்டியிருப்பார்கள். அதன்பின் ஜிபி என்னும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்ய வேண்டும், நோய் வருமுன்பே. பதிவு செய்ய அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை. பார்க்கக் காசில்லை. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கு ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட். அமெரிக்கர் தேடும் அசெட்டமினோஃபென் இங்கே பாராசிட்டமால். ஐந்நூறு மாத்திரைப் புட்டி கிடைக்காது. 1998 முதல் சாதாரணக் கடையில் பெட்டிக்கு 16, மருந்துக்கடையில் 32. தூக்கத்துக்குச் சாப்பிடும் மெலட்டோனின் மருத்துவர் எழுதினால்தான். கவனச் சிதறல் கோளாறுக்கு (ADHD) சிலர் அன்றாடம் எடுக்கும் அடரால் இங்கே உரிமம் பெற்ற மருந்தே அல்ல, கிளம்புமுன் அங்குள்ள மருத்துவரிடம் மாற்று மருந்து பற்றிப் பேசிவிட வேண்டும்.

சமையலுக்கு ஒரே வரி: பேக்கிங் அடுப்புச் சூடு 350 ஃபாரன்ஹீட் என்றால் 180 செல்சியஸ், விசிறி வைத்த அடுப்பில் 160, கேஸ் அடுப்பின் திருகில் 4 என்ற எண்.

கார் ஓட்டுவதில்தான் பலருக்கு மனம் உடைகிறது. அமெரிக்க உரிமத்தை வைத்துக் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம், அவ்வளவுதான். ஆஸ்திரேலியர், ஜப்பானியர் தங்கள் உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்கருக்கு அந்த வழி இல்லை, இந்தியருக்கும் இல்லை. இருபதாண்டு ஓட்டியவரும் கற்றுக்குட்டி உரிமம் எடுத்து, 50 கேள்வியில் 43-க்குச் சரியாகப் பதில் சொல்லி, சாலை ஆபத்தைக் கண்டுகொள்ளும் வீடியோ தேர்வில் 75-க்கு 44 எடுத்து, பிறகு சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். தேர்வு நாள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் வந்த மாதமே விண்ணப்பியுங்கள். ஆட்டோமேட்டிக் காரில் தேறினால் கியர் வண்டி ஓட்ட முடியாது. சிவப்பு விளக்கில் ஓரமாகத் திரும்பிப் போகும் அமெரிக்க வழக்கம் இங்கே குற்றம். ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழி.

கடல் தாண்டினாலும் விடாதது அமெரிக்க வருமான வரி. குடியுரிமை உள்ளவரும் கிரீன் கார்டு வைத்திருப்பவரும் எங்கே இருந்தாலும் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு ஏப்ரல் 15 தானாகவே ஜூன் 15 ஆகும். அமெரிக்க ஆண்டு ஜனவரியில் தொடங்கும், பிரிட்டிஷ் வரியாண்டு ஏப்ரல் 6-இல் தொடங்கும். ஆகவே சம்பளச் சீட்டுகளை மாதவாரியாகச் சேர்த்து வையுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள வங்கிக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனி அறிக்கை. பணியிடத்தில் யாராவது பிரிட்டிஷ் சேமிப்புக் கணக்கான ஐசாவைப் பற்றி, "ஐசா கணக்குத் தொடங்கு, வரியே இல்லை" என்று நல்லெண்ணத்தில் சொல்வார்கள். பிரிட்டனுக்குத்தான் வரியில்லை. அமெரிக்கா அந்தச் சலுகையை ஏற்பதில்லை. அதற்குள் மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருந்தால் கடும் வரியும் ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனிப் படிவமும்.

கடைசியாக ஒன்று. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கடன் மதிப்பெண் ஏறும், முகவரியும் உறுதியாகும். அமெரிக்கர் அதில் சேர முடியாது. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ முறையான விசாவில் வந்து மான்செஸ்டரில் தங்குபவர் காமன்வெல்த் குடிமகன் என்ற முறையில் நாடாளுமன்றத் தேர்தலுக்கே வாக்களிக்கலாம். அதே தமிழர் நடுவில் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்து அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கியிருந்தால் அந்த உரிமை போயிற்று. பட்டியலில் சேர முடியாதவர்கள் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் அனுப்பி, தங்கள் கோப்பில் ஒரு குறிப்புச் சேர்க்கச் சொல்லலாம். கவுன்சில் வரி பில்லைத் தூக்கிப் போட வேண்டாம் என்றேனே, அது இதற்கும் உதவும்.

வணக்கம்.