எருக்கம்பூ வாங்கப் போன ஏழு பேர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கத்தில் இருக்கும் அக்கா தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

"நண்பர்களோடு வெளிநாடு போய்க் கலந்துகொள்ளும் கல்யாணம் நட்புக்கு வரமா, பாரமா?" இதுதான் இன்றைய தலைப்பு. வரமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயம் சொன்னார். செலவு தாங்காது. சொந்தபந்தம் வர முடியாது. பிரதமரே 2023 நவம்பரில் வானொலியில் பேசும்போது, கல்யாணத்தை நம் மண்ணிலேயே நடத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால், இவ்வளவு நேரம் பேசியும் இந்த மேடையில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். கல்யாணமான பெண்ணின் சிநேகிதிகள் எல்லாம் எங்கே போனார்கள்?

கோவையில் ஒரு கல்லூரி விடுதி. அடுத்தடுத்த மூன்று அறைகளில் நாங்கள் ஏழு பேர். 2012 மே மாதம் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பியபோது, எல்லார் கல்யாணத்துக்கும் எல்லாரும் வரணும் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டோம். முதல் கல்யாணம் என்னுடையது, திண்டுக்கல்லில். ஐந்து பேர் வந்தார்கள். அடுத்தது நாகர்கோவில். நான் கைக்குழந்தையோடு போனேன். மண்டபத்தில் வரிசையில் நின்று, மேடை ஏறி, போட்டோவுக்குச் சிரித்து, பந்தியில் உட்கார்ந்து, தாம்பூலப் பையை வாங்கும்போது மாமியாரிடமிருந்து போன். "எத்தனை மணிக்கும்மா பஸ்?" என் சிநேகிதி கல்யாணத்தில் அவளோடு நான் பேசியது இரண்டே வாக்கியம். அடுத்த நான்கு கல்யாணங்களிலும் இதே கதைதான். ஒருத்திக்குப் பிரசவம், ஒருத்திக்கு லீவு இல்லை, ஒருத்தி துபாயில். பதினோரு வருஷத்துக்கு மேலாக ஏழு பேரும் ஒரே இடத்தில் நின்ற நாள் ஒன்றுகூட இல்லை.

ஏழாவது ஆள் கல்யாணம் 2024 தை மாதம். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை, இவளுக்கு பெங்களூரில். எங்களில் ஒருத்தி மெல்பர்னில், ஒருத்தி துபாயில். எல்லாருக்கும் நடுவில் எது என்று பார்த்து, தாய்லாந்தில் ஹுவா ஹின் என்ற கடற்கரை ஊரைப் பிடித்தாள். பேங்காக்கிலிருந்து காரில் மூன்று மணி நேரம். முந்தைய நவம்பரிலிருந்துதான் இந்தியர்கள் விசா இல்லாமல் வரலாம் என்று அந்த நாடு அனுமதித்திருந்தது. சென்னையிலிருந்து பேங்காக்குக்கு விமானத்தில் மூன்றரை மணி நேரம். நாகர்கோவிலுக்கு நான் ராத்திரி முழுக்க ரயிலில் போனேன், நடுவர் அவர்களே! எது தூரம்?

என்னிடம் பாஸ்போர்ட்டே இல்லை. விண்ணப்பக் கட்டணம் 1,500 ரூபாய். கல்யாணமான பிறகு, வீட்டுக்கும் பிள்ளைக்கும் இல்லாமல் எனக்கென்று மட்டும் நான் கட்டிய முதல் பணம் அதுதான். கல்யாணமானால் பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் பாஸ்போர்ட்டில் கிடையாது. விடுதிப் பதிவேட்டில் எந்தப் பெயர் இருந்ததோ அதே பெயரில், அப்பாவின் பெயரோடு அது வந்தது. அதைக் கையில் வாங்கியபோது அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

செலவுக்கு வருகிறேன். எதிரணி சொல்வதில் பாதி உண்மை. கடன் அட்டையைத் தேய்த்து ஒரு கல்யாணத்துக்குப் போவது தப்பு. ஒரு மாதம் முன்னால் பத்திரிகை நீட்டி "பாரின் வந்துடு" என்று அழைப்பது அதைவிடப் பெரிய தப்பு. இவள் ஒரு வருஷம் முன்னாலேயே சொன்னாள். மாசம் 4,000 ரூபாய் சீட்டுப் போட்டேன், போதுமானதாக இருந்தது. எங்களில் ஒருத்தி தனியார் பள்ளியில் டீச்சர். அவளால் முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். அவள் டிக்கெட்டைக் கல்யாணப் பெண்ணே எடுத்தாள். "முகூர்த்தம் முடிஞ்சு கட்டறதுக்கு இன்னொரு பட்டுப்புடவை எடுக்கச் சொன்னாங்கடி. வேணாம்னுட்டேன். அந்தப் புடவைதான் நீ" என்றாள். இதைப் பாரம் என்று எந்தத் தராசில் நிறுப்பீர்கள்?

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். நம்மூர் மண்டபத்தில் கல்யாண வேலை நண்பர்கள் கைக்கு வருவதே இல்லை. சமையலுக்குக் காண்டிராக்ட், பூவுக்குக் காண்டிராக்ட், மற்றதைப் பார்க்கச் சித்தப்பா பெரியப்பா. சிநேகிதி வந்தால் விருந்தாளி. அங்கே வந்தவர்கள் மொத்தமே அறுபது பேர். வேலை எங்கள் தலையில் விழுந்தது. அதுதான் வரம்!

கற்பூரம் எளிதில் தீப்பற்றும் என்று விமானத்தில் விடமாட்டார்கள். எங்களுக்கு அது சென்னை விமான நிலையத்தில்தான் தெரிந்தது. கற்பூரமும் தீப்பெட்டியும் அங்கேயே போயின. பேங்காக்கில் சீலோம் சாலையில், 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே ஒரு கும்பிடு போட்டு, பக்கத்துக் கடையில் கற்பூரம் வாங்கினோம். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு ஆற்றங்கரையில் உள்ள பாக் க்லோங் தலாத் பூ மார்க்கெட்டுக்குப் போனோம். இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் மார்க்கெட். ஏழு பேரும் போனோம். கல்யாணப் பெண் இந்நேரத்தில் வெளியே போகக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை.

பூக்காரம்மாவிடம் சைகை காட்டித் தோற்றுப்போய், கடைசியில் டீச்சர் "மல்லி, மல்லி" என்றாள். அந்த அம்மா முகம் மலர்ந்து "மலி!" என்றார். தாய் மொழியிலும் மல்லிகைக்கு மலி என்றுதான் பெயர், நடுவர் அவர்களே! இன்னும் கேளுங்கள். அங்கே கல்யாண மாலையில் எருக்கம்பூ வைத்துக் கட்டுகிறார்கள். நாம் பிள்ளையாருக்குப் போடும் அதே எருக்கு. "தோக் ராக்" என்பார்கள். ராக் என்றால் அன்பு. அன்புப் பூ! ஈரத்துணி சுற்றிய கூடைகளை மடியில் வைத்துக்கொண்டு ஹுவா ஹின் வரைக்கும் வேனில் பேசிக்கொண்டே போனோம். பதினோரு வருஷத்துப் பேச்சு. ஒருத்திக்குக் கரு இரண்டு தரம் கலைந்தது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் போடுகிறவள் அவள்.

சொந்தபந்தம் இல்லாத கல்யாணமா என்றார் எதிரணித் தலைவர். அவள் அப்பத்தாவுக்கு எண்பத்தைந்து வயது, வரமுடியவில்லை. அது எங்களுக்கும் வலித்தது. நமக்கும் அவர்களுக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம். அங்கே ஒன்பது மணி முகூர்த்தம், அப்பத்தாவுக்குக் காலை ஏழரை. போனைப் பிடித்துக்கொண்டு மணவறைக்குப் பக்கத்திலேயே நின்றது நான்தான். தாலி ஏறும் நேரம் அப்பத்தா திண்டுக்கல்லில் உட்கார்ந்து போன் மேலேயே அட்சதை போட்டார். ஊர் திரும்பியதும் மணமக்கள் முதலில் போனது அவர் வீட்டுக்குத்தான். குறை தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் நண்பர்கள் மட்டும் நின்றால் கல்யாணம் ஆகாதா? சீர்திருத்தத் திருமணத்துக்காக 1967-ல் தமிழ்நாடு இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவு, உறவினர்கள், நண்பர்கள் அல்லது பிறர் முன்னிலையில் என்று சொல்கிறது. நண்பர்களுக்குச் சட்டமே இடம் போட்டுக் கொடுத்திருக்கிறது.

நம் சங்கப் பாட்டில் தோழி கல்யாணத்தோடு கையைக் கழுவிவிட்டுப் போகிறவளா? மருதத் திணையைப் பாருங்கள். பரத்தை வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும் தலைவனை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கிறவள் தோழி. தலைவி குடும்பம் நடத்தும் வீட்டு வாசலில் அவளுக்கு அவ்வளவு உரிமை இருந்தது. அந்த உரிமையை எங்கே தொலைத்தோம்?

பிரதமர் சொன்னது நாட்டுப் பணம் வெளியே போகிறதே என்ற கவலை. அது நியாயமான கவலைதான், அதை நான் மறுக்கவில்லை. அவர் பேசியது பணத்தைப் பற்றி. இந்த மேடையின் கேள்வி நட்பைப் பற்றி.

போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பையில் அறுவை சிகிச்சை. தாய்லாந்துக்குக் கிளம்பும்போது "நாலு நாளா? பிள்ளையை யார் பார்ப்பா?" என்று கேட்ட அதே வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, என்னைக் கேட்காமலே முதல் போனை அந்த டீச்சருக்குப் போட்டார். ராத்திரி பஸ் பிடித்து விடியும்போது வந்துவிட்டாள். மூன்று நாள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். மெல்பர்ன்காரி அங்கே எத்தனை மணி ஆனாலும் தினமும் கூப்பிட்டாள். அந்த ஆறு பேரின் நம்பரும் இப்போது அவர் போனில் இருக்கிறது, ஆறுக்கும் பெயர் போட்டு.

நன்றி, நடுவர் அவர்களே. வணக்கம்.