கானுவின் புகழுக்குக் காரணம் இதயமே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நைஜீரியக் கால்பந்து வீரர் நுவான்க்வோ கானு, ஓய்வு பெற்ற பின்னும் மக்கள் மனத்தில் நிற்பதற்குக் காரணம் அவருடைய கால்களா, இதயமா என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. எதிரணி நண்பர் எழுந்தார். “இதயம் எங்கேயாவது கோல் போட்டதுண்டா?” என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

1996 ஜூலை 31. அமெரிக்காவில் உள்ள ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் அரையிறுதி. எதிரே ரொனால்டோவும் பெபெட்டோவும் ஆடுகிற பிரேசில். நைஜீரியா 1–3 என்று பின்தங்கிவிட்டது. கிடைத்த பெனால்டியையும் ஒகோச்சா தவறவிட்டார். இக்பெபா ஒரு கோலைத் திருப்பிய பிறகு, ஆட்டம் முடியும் தறுவாயில், கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் கானுவின் காலடிக்குப் பந்து வருகிறது. கோல்கீப்பர் டீடா பாய்கிறார். வேறு யாராக இருந்தாலும் பதறி உதைத்திருப்பார்கள். கானு உதைக்கவில்லை. பந்தை மெல்ல நெம்பி மேலே எழுப்பினார். அது இறங்கும்வரை பொறுத்துத் திரும்பி வலைக்குள் தட்டினார்.

இன்னொரு முறை சொல்கிறேன், நடுவர் அவர்களே. தொண்ணூறாவது நிமிடம், தோற்றால் தங்கக் கனவு போயிற்று, ஆறரை அடி உயர இளைஞர் ஒருவர் அந்த நெருக்கடியில் பந்தைக் காற்றில் மிதக்கவிட்டுக் காத்திருக்கிறார். காலுக்கு உதைக்கத் தெரியும், ஓடத் தெரியும், காத்திருக்கத் தெரியுமா? கூடுதல் நேரத்தின் நான்காவது நிமிடத்தில் அவரே தங்க கோலையும் போட்டார்; கூடுதல் நேரத்தில் முதலில் விழுந்து, அந்தக் கணமே ஆட்டத்தை வெற்றியோடு முடித்துவைக்கிற கோல் அது. விடிந்தால் அவருக்கு இருபதாவது பிறந்தநாள். இறுதியில் அர்ஜென்டினாவையும் வென்று, ஆப்பிரிக்காவின் முதல் ஒலிம்பிக் கால்பந்துத் தங்கத்தை நைஜீரியா கொண்டுபோனது.

அந்த நெஞ்சுக்குள் பெருந்தமனி வால்வு பழுதுபட்டிருந்தது அன்று யாருக்கும் தெரியாது. அவர் சேர்ந்த இத்தாலியக் கால்பந்துக் கழகமான இன்டர் மிலானின் மருத்துவப் பரிசோதனையில்தான் அது வெளிப்பட்டது. இனி ஆடவே முடியாமல் போகலாம் என்றார்கள். நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அறுவைச் சிகிச்சை. அடுத்த ஆண்டே மைதானத்துக்குத் திரும்பினார். 1999 அக்டோபரில், இங்கிலாந்துக் கழகமான செல்சியிடம் 0–2 என்று பின்தங்கிய தம் அணியான ஆர்சனலுக்காகக் கடைசிப் பதினைந்து நிமிடங்களில் மூன்று கோல் போட்டார். ஆகவே நண்பரே, அந்த இதயம் கோல் போட்டது. பழுதோடும் போட்டது, பழுது நீங்கிய பிறகும் போட்டது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். 2000ஆம் ஆண்டில் அவர் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அதற்குத் தம் கால்களின் பெயரையா வைத்தார்? ‘கானு ஹார்ட் பவுண்டேஷன்’ என்று வைத்தார். பிறவியிலேயே இதயக் குறையோடு வந்த ஆப்பிரிக்கக் குழந்தைகள் அதன் உதவியால் இந்தியா வரைக்கும் வந்து சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். நான்கு எட்டு நடந்தால் உதடு நீலம் பாரிக்கிற பிள்ளையை இடுப்பிலேயே சுமந்து திரிந்த ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். பிரேசில் ஆட்டத்தை அவள் பார்த்திருக்க மாட்டாள். தங்க கோல் என்றால் என்னவென்றும் அவளுக்குத் தெரியாது. பிள்ளை முற்றத்தில் ஓடுகிறது. அவள் கானுவின் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிறாள்.