நாலு செகண்ட்ல நின்னுபோற கம்ப்யூட்டர்: போர்டு போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஆன் ஆகாத ஒரு கம்ப்யூட்டரை உங்க முன்னாடியே சோதிச்சுப் பாக்கப் போறேன். மேசை மேல இருக்குறது இன்டெல் ஃபோர்த் ஜென் ஐ5 ப்ராசஸர், எச்81 மதர்போர்டு, டிடிஆர்3 ரேம் ரெண்டு. பழைய மெஷின்தான். ஆனா டிடிபி சென்டர்லயும் ஜெராக்ஸ் கடையிலயும் இன்னும் இது நல்லா ஓடிட்டு இருக்கு. இதைக் கொண்டு வந்தது பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பி. ஒரு இடத்துல காட்டியிருக்கார், போர்டு போச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாங்களாம்.

போர்டு மாத்துறதுன்னா அந்தச் செலவு போர்டோட நிக்காது. பல நேரம் ப்ராசஸர், ரேம்னு எல்லாத்தையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும். ஒரு குடும்பம் சீட்டு எடுத்து வாங்கின மெஷினா இருக்கலாம். அதனால "போர்டு போச்சு"ங்கிற வார்த்தை கடைசியாதான் வாயில இருந்து வரணும், அதுவும் சோதிச்சுப் பாத்த பிறகு. இதுல நான் ரொம்பக் கண்டிப்பா இருப்பேன்.

ஸ்க்ரூ டிரைவரை இன்னும் கையில எடுக்கல. முதல்ல பட்டனை அழுத்திட்டு சும்மா பாக்கணும். போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டுக்குறேன். அழுத்துறேன்... ஃபேன் சுத்துது, லைட் எரியுது... நின்னுடுச்சு. நாலு செகண்ட். மறுபடியும் அழுத்துறேன்... திரும்பவும் நாலு செகண்ட், கிட்டத்தட்ட அதே இடத்துலதான் நிக்குது. இது சின்ன விஷயமில்லைங்க. ஒரு மெஷின் எவ்வளவு நேரம் உயிரோட இருக்குன்னு பாத்தாலே, கோளாறு எந்தப் பக்கம்னு பாதி தெரிஞ்சிடும்.

ஃபேன் லேசா ஒரு துடிப்பு துடிச்சு, ஒரு செகண்ட் கூட தாங்காம நின்னா, எங்கயோ ஷார்ட் ஆகுதுன்னு சந்தேகப்படணும். எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்குக் கரண்டை மாத்திக் கொடுக்குற பவர் பெட்டி, தன்னைக் காப்பாத்திக்க வெட்டிக்குது. போர்டுக்கு அடியில தேவையில்லாத இடத்துல மாட்டின ஒரு ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்குற குட்டிக் கால்), உள்ள விழுந்து கிடக்குற ஒரு ஸ்க்ரூ, முன்னாடி யூஎஸ்பி போர்ட்ல வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்ட பின், இப்படி எது வேணா இருக்கலாம். பென்டிரைவைத் தலைகீழா அழுத்திச் சொருகுற வீட்டுல அந்த யூஎஸ்பி போர்ட்டை முதல்ல பாருங்க. சில செகண்டோ சில நிமிஷமோ ஓடி நிக்குது, உடனே திரும்ப ஆன் பண்ணா இன்னும் சீக்கிரம் நிக்குதுன்னா அது சூடு. ப்ராசஸர் மேல உக்கார்ற இன்டெல் ஒரிஜினல் கூலர்ல நாலு கால் இருக்கும், அதுல ஒண்ணு போர்டை விட்டு மேல வந்திருந்தாலே போதும். தானா ஆன் ஆகி, ஆஃப் ஆகி, திரும்ப ஆன் ஆகி சுத்திக்கிட்டே இருந்தா, பெரும்பாலும் ரேம் பக்கமோ ப்ராசஸருக்குப் போற பவர் பக்கமோ பாக்கணும்.

ஆனா ஒவ்வொரு தடவையும் சரியா நாலு செகண்ட்? பவர் பட்டனை நாலு செகண்டுக்கு மேல அழுத்திப் பிடிச்சா மெஷின் கட்டாயமா ஆஃப் ஆகணும்கிறது விதி. கம்ப்யூட்டர் ஹேங் ஆச்சுன்னா நாம எல்லாரும் அதைத்தானே பண்றோம். அப்போ இங்க யாரோ பட்டனை அழுத்திக்கிட்டே இருக்காங்க. நான் விரலை எடுத்துட்டேன். எடுக்காம இருக்குறது அந்த பட்டன்தான்.

இப்ப கழட்டலாம். பவர் கார்டை உருவியாச்சு, அதுக்கப்புறம் ஒரு தடவை பட்டனை அழுத்தி மிச்சம் இருக்குற கரண்டையும் இறக்கிட்டேன். கேமராவைக் கிட்ட கொண்டு வரேன். போர்டோட கீழ் ஓரத்துல, வலது மூலையில சின்னச் சின்ன பின்னா இருக்குல்ல, கேபினெட்ல இருந்து வர்ற பவர் ஸ்விட்ச், ரீசெட் ஸ்விட்ச், எல்ஈடி வயர் எல்லாம் இங்கதான் சேருது. பவர் ஸ்விட்ச் வயரை மட்டும் உருவிட்டேன். திரும்ப பவர் கார்டைப் போட்டுட்டு, அந்த ரெண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால ஒரே ஒரு நொடி தொட்டு எடுக்குறேன். பட்டனோட வேலையே இந்த ரெண்டு பின்னைச் சேத்துப் பிரிக்கிறதுதான். பக்கத்து பின்னைத் தொடாம நிதானமாப் பண்ணுங்க... சுத்துது. அஞ்சு... பத்து... இருபது. நிக்கல. போர்டு போச்சுன்னு சொன்ன மெஷின் இது.

டிஸ்ப்ளே இன்னும் வரல, அதுக்கு அப்புறம் வரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. நெறைய பேர் மெஷின் சுத்தமா டெட், ஃபேன் கூட சுத்தலன்னுதான் கேக்குறீங்க. மல்டிமீட்டர் கையில இருக்கும்போதே அதையும் இந்த மெஷின்லயே காட்டிடுறேன். இந்த வீடியோவுல நீங்க கவனமாப் பாக்க வேண்டிய இடம் இதுதான்.

இது 24 பின் கனெக்டர். எஸ்எம்பிஎஸ்ல இருந்து போர்டுக்கு வர்ற பெரிய கனெக்டர். இதுல மூணு வயரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க: ஊதா, பச்சை, சாம்பல். புது மாடல் எஸ்எம்பிஎஸ்ல எல்லா வயரும் கருப்பா இருக்கும், அதுல இடத்தை எண்ணித்தான் பாக்கணும். ஊதா 9, பச்சை 16, சாம்பல் 8. மீட்டர் 20 வோல்ட் டிசி ரேஞ்ச்ல இருக்கட்டும். கருப்பு நுனி கேபினெட்டோட பெயின்ட் இல்லாத இரும்புல. சிவப்பு நுனியை வயர் உள்ள போற பக்கமா, கனெக்டரைக் கழட்டாமலே நுழைக்கலாம்.

முதல்ல ஊதா. மெஷின் ஆஃப்ல இருந்தாலும், சுவத்து ஸ்விட்ச் ஆன்ல இருக்குற வரைக்கும் இதுல 5 வோல்ட் இருக்கணும். எல்லாரும் தூங்கும்போது முழிச்சிருக்குற வாட்ச்மேன் மாதிரி இது. நீங்க பட்டனை அழுத்தினா அதைக் கேக்குறதுக்கு போர்டுல ஒரு பகுதி முழிச்சிருக்கணும்ல, அதுக்கு உயிர் கொடுக்குறது இந்த வயர்தான். 4.75-ல இருந்து 5.25 வரைக்கும் காட்டலாம். இங்க 5.06 காட்டுது, நல்லா இருக்கு. ஒண்ணுமே காட்டலன்னா போர்டைத் திட்டாதீங்க. முதல்ல பிளக் பாயின்ட்ல வேற எதாவது போட்டுப் பாருங்க, பவர் கார்டை மாத்துங்க, எஸ்எம்பிஎஸ் பின்னாடி இருக்குற ஸ்விட்சைப் பாருங்க. பழைய எஸ்எம்பிஎஸ்ல 115, 230னு ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். நம்ம ஊர்ல அது 230-லதான் இருக்கணும், விளையாட்டுக்குக் கூட தள்ளிடாதீங்க, வெடிச்சிடும். இதெல்லாம் சரியா இருந்தும் ஊதா செத்துக் கிடந்தா, 24 பின்னைக் கழட்டிட்டு தனியா அளங்க. அப்பவும் இல்லன்னா எஸ்எம்பிஎஸ் போச்சு. கழட்டினதும் 5 வோல்ட் வந்துடுச்சுன்னா, போர்டு பக்கம் எதோ அதைக் கீழ இழுக்குது.

அடுத்து பச்சை. ஆஃப்ல இருக்கும்போது இதுலயும் 5 வோல்ட் கிட்ட நிக்கும். பட்டனை அழுத்தின உடனே போர்டு இதைக் கீழ இழுத்து பூஜ்யத்துக்குக் கொண்டு வரணும். எஸ்எம்பிஎஸ்க்கு போர்டு கொடுக்குற உத்தரவே அதுதான். இப்ப யோசிங்க. பச்சை பூஜ்யத்துக்கு வருது, ஆனா ஃபேன் சுத்தல. போர்டு உத்தரவு கொடுத்துடுச்சு, எஸ்எம்பிஎஸ் கேக்கல. எஸ்எம்பிஎஸ்ஸே கெட்டிருக்கும், இல்லன்னா ஷார்ட் ஆகி வெட்டிக்குது. பச்சை 5 வோல்ட்லயே நிக்குதுன்னா உத்தரவே போகல. பட்டன், அதோட வயர், இல்ல போர்டு. ஒரு பொருளும் வாங்காம, ஒரு மீட்டரை வெச்சு ரெண்டு பக்கத்தையும் பிரிச்சாச்சு.

சாம்பல் வயரை யாருமே பாக்குறதில்ல, அதுல எனக்கு ரொம்ப வருத்தம். எல்லா வோல்டேஜும் சரியா வந்துடுச்சு, இனி நீ ஆரம்பிக்கலாம்னு எஸ்எம்பிஎஸ் போர்டுக்குச் சொல்றது இதுலதான். ஆன் பண்ணி அரை செகண்டுக்குள்ள 5 வோல்ட் வரணும். வரலன்னா ஃபேன் ஜோராச் சுத்தும், லைட் எரியும், ஆனா ப்ராசஸர் ஒரு வேலையும் ஆரம்பிக்காது. ஃபேன் சுத்துதே, எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு போர்டு மாத்துறது இந்த இடத்துலதான் நடக்குது. பச்சையையும் கருப்பையும் கிளிப்பால சேத்து எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்கிற முறையும் இதே மாதிரி அரைகுறைதான். லோடு இல்லாம ஓடுற எஸ்எம்பிஎஸ், லோடு வந்ததும் படுத்துடலாம். மெஷின் ஓடும்போது 12 வோல்ட் வர்ற மஞ்சள் வயரை அளங்க, 11.4-க்குக் கீழ இறங்கவே கூடாது.

ஒரு விஷயம் கண்டிப்பாச் சொல்லணும். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீங்க. 230 வோல்ட்டை டிசியா மாத்தும்போது உள்ள இருக்குற பெரிய கெப்பாசிட்டர்ல 325 வோல்ட் கிட்ட நிக்கும், கார்டை உருவின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். அனுபவம் இல்லாதவங்களுக்கு அது உயிர் ஆபத்து. இன்னொண்ணு, கேபினெட்டைத் தொட்டா சுருக்குனு ஷாக் அடிக்குதுன்னு சொல்றீங்கல்ல, பெரும்பாலும் அது மெஷின் கோளாறு இல்ல, உங்க பிளக் பாயின்ட்ல எர்த் இல்ல. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

சரி, நம்ம மெஷினுக்கு வருவோம். ஃபேன் ஓடுது, சாம்பல்ல 5 வோல்ட் இருக்கு, டிஸ்ப்ளே இல்ல. ப்ராசஸருக்குப் பவர் கொடுக்குற, அது பக்கத்துல இருக்குற மஞ்சள் கருப்பு வயர் 4 பின் கனெக்டர் நல்லா உள்ள உக்காந்திருக்கு. அது மாட்டலன்னாலும் இதே மாதிரி ஃபேன் மட்டும் சுத்தும், அதனால எப்பவும் பாத்துடுங்க. மானிட்டர் கேபிள் போர்டுல இருக்கு. இந்த மெஷின்ல தனி கிராபிக்ஸ் கார்டு இல்ல, அதனால சரிதான். கார்டு இருந்தா கேபிள் கார்டுலதான் போடணும். மாடல் பேர் கடைசியில எஃப் இருக்குற இன்டெல் ப்ராசஸர்ல உள்ள கிராபிக்ஸே கிடையாது, கார்டு இல்லாம படம் வரவே வராது.

இப்ப இந்தச் சின்ன ஸ்பீக்கரை மாட்டுறேன். ரொம்ப மலிவான சாமான், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல மட்டுமில்ல, எல்லா ஊர்லயும் ஸ்பேர்ஸ் கடையில கிடைக்கும். ரெண்டு ரேமையும் கழட்டிட்டு ஆன் பண்றேன்... கேக்குதா? பீப்... பீப்... எனக்கு இந்தச் சத்தம் கேட்டா அவ்வளவு சந்தோஷம். ரேம் இல்லைன்னு கத்துறதுக்கு பயாஸ், அதாவது மெஷினை முதல்ல எழுப்புற புரோகிராம், ஓடணும். அது ஓடணும்னா ப்ராசஸர் உயிரோட இருக்கணும், போர்டு உயிரோட இருக்கணும், பயாஸ் சிப் உயிரோட இருக்கணும். ஒரு பீப்ல மூணு பேருக்கும் சான்றிதழ் கிடைச்சாச்சு. ரேம் இல்லாமலும் அமைதியா இருந்திருந்தா அப்பதான் போர்டு, ப்ராசஸர், பயாஸ் மேல என் சந்தேகம் போகும். அப்பவும் போர்டைக் கேபினெட்ல இருந்து வெளிய எடுத்து, அட்டைப்பெட்டி மேல வெச்சு ஒரு தடவை ஓட்டிப் பாப்பேன். தலை உப்பின கெப்பாசிட்டர் இருக்கான்னு பாப்பேன். சாக்கெட்ல வளைஞ்ச பின் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாப்பேன்.

புது போர்டு வெச்சிருக்கவங்களுக்கு ஸ்பீக்கர் கூட தேவைப்படாது. பல போர்டுல சிபியு, டிராம், விஜிஏ, பூட்னு நாலு குட்டி லைட் இருக்கும், எது எரிஞ்சு நிக்குதோ அங்கதான் மாட்டியிருக்கு. டிடிஆர்5 மெஷினை முதல் தடவை ஆன் பண்ணா ரேமைப் பழக்கிக்க சில நிமிஷம் எடுத்துக்கும், பதறி ஆஃப் பண்ணிடாதீங்க.

ரேமைப் பாருங்க, தங்க நிறக் கால்கள் மங்கிப் போயிருக்கு. கடற்கரைப் பக்கம் ஊர்ல இது ரொம்பவே வரும். ரப்பர் போட்டுத் தேய்க்குறது நம்ம ஊர் வழக்கம், நான் வேண்டாம்பேன். அது மேல் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்குது, ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள்ளயும் போயிடுது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைச்ச துணியால துடைக்கிறேன். ஸ்லாட்டை பிரஷ்ஷால தட்டி எடுத்தாச்சு. ஒரே ஒரு ரேம், முதல் ஸ்லாட்ல, ரெண்டு பக்கமும் டக்குனு கிளிப் விழுற வரைக்கும். ஆன்... பீப் ஒண்ணு, டிஸ்ப்ளே வந்தாச்சு! ஆஃப் பண்ணிட்டு ரெண்டாவதையும் போடுறேன்... வருது. ரெண்டு ரேமும் நல்லா இருக்கு.

ஸ்கிரீன்ல தேதி, நேரம் தப்பா இருக்குன்னு சொல்லி எஃப்1 அழுத்தச் சொல்லுது. மெஷின் ஆஃப்ல இருக்கும்போது நேரத்தையும் பயாஸ் செட்டிங்கையும் காப்பாத்துற சிமோஸ் பேட்டரியை அளக்குறேன், 2.4 வோல்ட். சிஆர்2032-க்கு 3 இருக்கணும், புதுசு போட்டுட்டேன். இங்க விண்டோஸ் 10, 11 லேப்டாப், புது மெஷின் வெச்சிருக்கவங்க மட்டும் கவனிங்க. பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி, ஆன்ல இருந்தா, பயாஸை ரீசெட் பண்ணாலோ போர்டை மாத்தினாலோ ரெகவரி கீ கேக்கலாம். கீ இல்லன்னா டிஸ்க் நல்லா இருந்தும் ஃபைல் கிடைக்காது. மெஷின் நல்லா இருக்கும்போதே உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல அந்தக் கீ இருக்கான்னு பாத்து எழுதி வெச்சிடுங்க.

பட்டனைப் பிரிச்சுப் பாத்தேன், உள்ள ஸ்பிரிங் துருப்பிடிச்சு இறங்கினது உடனே ஏறாம கொஞ்ச நேரம் அங்கேயே நிக்குது. இந்த கேபினெட்டுக்குத் தனி பட்டன் தேட வேண்டியதில்ல. ரீசெட் பட்டனும் இதே மாதிரி ஒரு ஸ்விட்ச்தான். அதனால ரீசெட் வயரைக் கழட்டி பவர் ஸ்விட்ச் பின்ல மாட்டிட்டேன். இனிமே ரீசெட் பட்டனை அழுத்தினாதான் மெஷின் ஆன் ஆகும். அதுக்கு மேல பேனாவால ஒரு அம்புக்குறி போட்டு, தம்பிக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன், சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்னார்.